கொழும்பில் ஹக்கின்டோஷ்: 10ஆம் தலைமுறை இன்டெல்லில் இப்ப காசு போடலாமா?

வெள்ளவத்தை கமரா

வணக்கம் எல்லாருக்கும். கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோ எடிட் பண்றதுதான் என்ர தொழில். இவ்வளவு காலமும் வேலை செய்த ஸ்டூடியோவில ஐமெக்கில பைனல் கட் புரோதான் பழக்கம், கை அதிலயே ஓடுது. இப்ப வீட்டில தனியாத் தொடங்கிறன். ரெண்டு 4கே கமரா, சிலவேளை மூண்டு. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு மல்டிகாமில வெட்டுற வேலை. புது மெக்குக்கும் நல்ல திரைக்கும் போற காசில எனக்குத் தேவையான லென்ஸை வாங்கிடலாம்.

அதால சாதாரண டெஸ்க்டொப்பில மெக்ஓஎஸ் போடுற யோசனை, ஹக்கின்டோஷ் எண்டு சொல்லுறது அதைத்தான். தெரிஞ்ச ஒராளிட்ட ஐ5-10400, பி460 போட், 16 ஜிபி ராம் மூண்டும் சேர்த்து விலைக்கு இருக்கு. கிராபிக்ஸ் காட் இல்லை. தம்பியின்ர ஜிடிஎக்ஸ் 1660 ஒண்டு வீட்டில சும்மா கிடக்கு, அதைப் போடலாமோ? இன்டெல் மெக்குகளை அப்பிள் கைவிடுது எண்டும் சொல்லுகினம். இந்த நேரத்தில இதுக்குள்ள இறங்கலாமோ? செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.

புறக்கோட்டை ரிப்பேர்

1660ஐ வெச்சி இந்த வேலை சரிவராது தம்பி. 2018ல மொஹாவி என்ட மெக்ஓஎஸ் பதிப்பு வந்ததோட 1060, 1070 மாதிரி பாஸ்கல் காட்டுக்கே டிரைவர் (காட்டை ஓட வைக்கிற மென்பொருள்) நின்டு போச்சு. அதுக்கு முந்தின ஹை சியராதான் அதுகளுக்குக் கடைசி. 1660 டூரிங் வகை, அதுக்கு மெக் டிரைவர் எந்தக் காலத்திலயும் வரல்ல. தம்பிக்கே திருப்பிக் குடுங்க, இல்லாட்டி வித்துப் போட்டு ஏஎம்டி ஒன்டு எடுங்க.

இன்னொன்டு. அந்த சிபியுவை வாங்க முந்தி மூடியில அடிச்சிருக்கிற இலக்கத்தை நல்ல வெளிச்சத்தில பாருங்க. 10400க்குப் பின்னால 'எஃப்' இருந்தா உள்ளுக்கு கிராபிக்ஸ் இல்ல. விக்கிற ஆள் வேணுமென்டு மறைக்காட்டியும் 10400 என்டு மட்டும்தான் சொல்லுவார், ஏனென்டா விண்டோஸ்ல காட் போட்டுப் பாவிச்ச ஆளுக்கு அது பெரிய வித்தியாசமில்ல. உங்களுக்கு வித்தியாசம்.

கரையோரன்

தம்பி, இதுக்கு ஒரே ஒரு விதிதான். அதைப் பிடிச்சுக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாகத் தெளியும்: அப்பிள் கடைசியாக விற்ற இன்டெல் மெக்குகளுக்குள் என்ன இருந்ததோ, அதையே வாங்குங்கோ. மெக்ஓஎஸ் உலகத்திலுள்ள எல்லா வன்பொருளுக்கும் டிரைவர் வைத்திருப்பதில்லை. அப்பிள் தன் பெட்டிக்குள் போட்ட பாகங்களுக்கு மட்டும்தான் எழுதும். ஓபன்கோர் போன்ற பூட்லோடர், அதாவது கணினி எழும்பும்போது முதலில் ஓடும் சிறு மென்பொருள், செய்வது உங்கள் பெட்டியை ஒரு குறிப்பிட்ட மெக் மொடல் என்று மெக்ஓஎஸ்ஸை நம்ப வைப்பது. அது டிரைவரைப் புதிதாக உண்டாக்காது.

2020 ஓகஸ்டில் வந்த 27 அங்குல ஐமெக்கில் 10ஆம் தலைமுறை இன்டெல், அதாவது கொமெட் லேக்தான் இருந்தது. ஆகவே நீங்கள் சொல்லும் 10400 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. உள்ளிருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸுக்கும் டிரைவர் இருக்கிறது. 11ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிபியு எந்த மெக்கிலும் வரவில்லை, அதன் உள் கிராபிக்ஸ் ஓடாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 12, 13, 14இலும் சிபியுவின் அடையாளத்தைக் கொமெட் லேக் என்று மாற்றிக் காட்டி ஓட வைக்கிறார்கள், தனிக் காட் கட்டாயம். ஓடும். ஆனால் தொழிலுக்கு வைத்திருக்கும் மெஷினில் இப்படியான ஒட்டுவேலை எவ்வளவுக்குக் குறைவோ அவ்வளவுக்கு நல்லது.

கிராபிக்ஸ் காட்டிலும் அதே விதிதான். ஆர்எக்ஸ் 6600 ஏன் ஓடுகிறது? 2019 மெக் புரோவுக்கு அப்பிள் டபிள்யூ6600எக்ஸ் என்ற காட்டை விற்றது, இரண்டிலும் ஒரே சிப். 6800, 6900க்கும் அப்படியே, அங்கே டபிள்யூ6800எக்ஸ் இருந்தது. நடுவிலுள்ள 6700 எக்ஸ்டிக்கு ஈடான காட் மெக்குக்கு வரவேயில்லை, அதனால் 6600ஐவிட விலை கூடிய அந்தக் காட் மெக்கில் படம் காட்டாது. 7000 வரிசை முழுக்க அதே நிலை. கடைக்காரர் "அதைவிட இது நல்ல காட்" என்று 6700ஐயோ 7600ஐயோ நீட்டினால், விளையாட்டுக்கு அவர் சொல்வது உண்மை, உங்கள் வேலைக்கு அல்ல.

உங்களுக்கு 6600 போதும். 8 ஜிபி நினைவகம், 132 வாட்தான் குடிக்கும், நல்ல 550 வாட் பவர் சப்ளை தாராளம். ஓபன்கோர் அமைப்பிலுள்ள பூட் ஆர்க்யூமென்ட் வரியில் 'பிகேரா' குறிப்பைப் போட மறக்கவேண்டாம், போடாவிட்டால் நாவி எனும் இந்த வகை ஏஎம்டி காட்டுகளில் திரை கறுப்பாகவே நிற்கும். மொடலை ஐமெக் 20,1 என்று வையுங்கோ. உள் கிராபிக்ஸைத் திரைக்குக் கொடுக்காமல் என்கோடிங்குக்கு மட்டும் விடலாம். எச்.264, எச்இவிசி (எச்.265) வடிவ வீடியோ கிளிப்புகளை டைம்லைனில் இழுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். நண்பர் 'எஃப்' பற்றிச் சொன்னது இதனால்தான்.

நிரலி

காசு போடுவதற்கு முன் இரண்டு விஷயத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது காலம். 2020 ஜூனில் அப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறப் போவதாக அறிவித்தது, அந்த நவம்பரிலேயே எம்1 வந்தது. 2023 ஜூனில் மெக் புரோவும் மாறியதோடு புது இன்டெல் மெக் விற்பனையே முடிந்தது. 2025 ஜூனில், டஹோ எனும் மெக்ஓஎஸ் 26ஆம் பதிப்புத்தான் இன்டெல்லுக்கான கடைசிப் பதிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே, அவையும் சில வருடங்களுக்குத்தான்.

இரண்டாவது உரிமம். மெக்ஓஎஸ் உரிம ஒப்பந்தம் அப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் 2008இல் மெக்ஓஎஸ் போட்ட சாதாரணக் கணினிகளை விற்கத் தொடங்கியது. அப்பிள் வழக்குப் போட்டு 2009இல் வென்றது, 2011இல் மேன்முறையீட்டிலும் அதே தீர்ப்பு நிலைத்தது. அது விற்பனை செய்தவர்கள் மேலான வழக்கு, வீட்டில் ஒருவர் செய்து பார்ப்பது வேறு அளவு. ஆனாலும் ஒப்பந்தத்தை மீறுவது மீறுவதுதான். நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளைக் காக்கிறது. தம்பி இதை வருமானம் தரும் தொழிலுக்குப் போடப் போகிறார். அப்படியானவர் இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2024 கடைசியில் வந்த எம்4 மெக் மினி 16 ஜிபி ராமோடு அமெரிக்காவில் 599 டொலருக்குத் தொடங்கியது. இங்கே அப்பிளின் சொந்தக் கடை கிடையாது, முகவர்களிடம் வாங்கும்போது வரியும் 18 சதவீத வற்வரியும் சேர்ந்து விலை ஏறும், உண்மைதான். ஆனால் 10400ஓடு நல்ல காட், பவர் சப்ளை, கேஸ், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பாவித்த எம்1 மினியின் விலையையும் ஒருமுறை விசாரியுங்கள். பைனல் கட் 11இல் வந்த தானியங்கி எழுத்து வரிகள் போன்ற சில வசதிகள் அப்பிள் சிப்பில் மட்டுமே இயங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வெள்ளவத்தை கமரா

நன்றி அண்ணா, நன்றி நிரலி. உரிமம் பற்றிச் சொன்னது நல்லது, அதை நான் இவ்வளவு விளக்கமா யோசிக்கேல்லை. எம்1 மினி விலையும் விசாரிக்கிறன். ஆனால் 8 ஜிபி மினியில மூண்டு 4கே வரிசை ஓடுமோ எண்டதுதான் பயம். பிறகு ராம் கூட்டவும் ஏலாது. டெஸ்க்டொப் எண்டால் 32 ஆக்கலாம், ஹார்ட் டிஸ்க் உள்ளுக்கே நாலு பூட்டலாம். ஒரு கலியாணவீட்டு வேலை எண்டாலே 500 ஜிபி தாண்டுது.

மலர்விழி

தம்பி, நான் கொட்டாஞ்சேனையில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். எங்கள் மேசையில் இப்படிக் கட்டிய மெஷின் ஒன்று மெக்ஓஎஸ் சொனோமா பதிப்பில் ஓடுகிறது. வீடியோவுக்கு இல்லை, புத்தக வேலைக்கு. எங்களுக்கு மெக்ஓஎஸ் வேண்டிய காரணம் தமிழ்தான். தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என், இணைமதி என்று முத்து நெடுமாறனின் எழுத்துருக்கள் உள்ளேயே வருகின்றன, தமிழ் 99உம் அஞ்சலும் விசைப்பலகைப் பட்டியலிலேயே இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டி வரும் பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பக்கம் கட்டும்போது எழுத்து உடைவதில்லை. நீங்களும் அழைப்பிதழ் பெயர்கள், வீடியோவுக்கான தமிழ்த் தலைப்புகள் போடுவீர்கள்தானே, அதில் பலன் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாடிக்கையாளரின் வேலை மேசையில் இருக்கும்போது மெக்ஓஎஸ் அப்டேட் செய்யவேண்டாம். அப்டேட் வந்துவிட்டது என்ற சிவப்புப் புள்ளி எத்தனை நாள் நின்றாலும் நிற்கட்டும். எங்கள் அச்சகத்தில் அது எழுதாத சட்டம்.

பொரளை மாணவன்

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் ரைசன் 5 5600 இருக்கிறது. அதில் இதே வேலை செய்யலாமா?

கரையோரன்

செய்யலாம் தம்பி. ஆனால் அப்பிள் ஒருநாளும் ஏஎம்டி சிபியு போட்டு மெக் விற்றதில்லை, அதனால் மெக்ஓஎஸ்ஸின் உட்கருவான கெர்னலையே ஒட்டுப்போட வேண்டியிருக்கும். இன்டெல் சிபியுவில் வீடியோ என்கோடிங்குக்கு உள்ள குயிக் சிங்க் வசதி கிடையாது, விர்ச்சுவல் மெஷின் வேலைகளும் சரிவராது. படிப்புக்காகச் செய்து பாருங்கோ, நிறையக் கற்கலாம். தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாக எழுதுகிறேன்.

வெள்ளவத்தைத் தம்பிக்கு: பதிப்பை இப்போதே முடிவு செய்யுங்கோ. என் தெரிவு செக்கோயா, அதாவது மெக்ஓஎஸ் 15. டஹோவில் அப்பிள் பழைய எச்டி ஓடியோ டிரைவரையே எடுத்துவிட்டது, போட்டின் பின்பக்க ஓடியோ ஓட்டைக்குச் சத்தம் கொடுத்த அப்பிள்ஏஎல்சி அதில் பற்ற இடமில்லை. யுஎஸ்பி ஓடியோ பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் இதற்காக டஹோவுக்குப் போக வேண்டிய தேவை எடிட்டருக்கு என்ன இருக்கிறது? செக்கோயா 2024 செப்டெம்பரில் வந்தது. அப்பிள் வழக்கமாகக் கடைசி மூன்று பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தரும், அந்தக் கணக்கில் 2027 இலையுதிர் காலம்வரை நிம்மதி. அதற்குள் இந்த மெஷின் தன் காசை உழைத்துத் தரவேண்டும், அப்படி நினைத்தே விலை பேசுங்கோ. பிறகு அதே பெட்டி விண்டோஸிலோ லினக்ஸிலோ ஓடும், 10400உம் 6600உம் அங்கே இன்னும் பல வருடம் பயன்படும். 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்: விண்டோஸ் 11 அங்கிருந்துதான் ஏற்கும்.

இனிப் பெட்டியைக் கட்டிய பிறகு. பயோஸில் செக்யுவர் பூட், பாஸ்ட் பூட், சிஎஸ்எம் மூன்றையும் நிறுத்துங்கோ. அபவ் 4ஜி டீகோடிங், எக்ஸ்எச்சிஐ ஹாண்ட்-ஓப் இரண்டையும் இயக்குங்கோ. சிஎப்ஜி லொக் என்று ஒன்று வரும், அதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கோ. சில பி460 போட்டில் அந்தத் தெரிவே இருக்காது, அப்படியென்றால் ஓபன்கோர் அமைப்பில் அதைச் சரிக்கட்டும் 'குவிர்க்' தெரிவை இயக்கினால் சரி. கெக்ஸ்ட் எனும் மெக் டிரைவர் கோப்புகளின் வரிசையில் லிலு முதலில், பிறகு வெர்ச்சுவல்எஸ்எம்சி, வட்எவர்கிரீன், அப்பிள்ஏஎல்சி. போட்டிலுள்ள ஈதர்நெட் இன்டெல் ஐ219 என்றால் இன்டெல்மவுசி, ரியல்டெக் 8111 என்றால் அதற்குரியது. ஓபன்கோருக்கான டோர்ட்டானியா இணைய வழிகாட்டியில் கொமெட் லேக் பக்கம் முழுக்க எழுதியிருக்கிறது. வரி வரியாக வாசித்து நீங்களே செய்யுங்கோ. வேறு ஆள் செய்த இஎப்ஐ கோப்புறையை, அதாவது ஓபன்கோர் அமைப்பு முழுக்க இருக்கும் கோப்புறையை, இறக்கி அப்படியே போடுவது வேண்டாம். அது அவருடைய போட்டுக்கு எழுதியது. பிழை வரும் நாளில் எந்த வரி எதற்கு என்று உங்களுக்கே தெரியாது.

பலர் சோர்ந்துபோகும் இடம் யுஎஸ்பி. மெக்ஓஎஸ் ஒரு கொன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான் ஏற்கும். நீல நிற யுஎஸ்பி 3 ஓட்டை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கில் வரும், வேகமானது ஒன்று, பழைய வேகத்தில் ஒன்று. சாதாரண போட்டிலேயே இந்த எல்லை தாண்டிவிடும். தாண்டினால் ஹார்ட் டிஸ்க் திடீரென்று மறைவது, ஸ்லீப்பில் போன மெஷின் எழும்பாதது எல்லாம் வரும். விண்டோஸிலேயே யுஎஸ்பி டூல்பொக்ஸ் என்ற மென்பொருளை ஓட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் பென்டிரைவைக் குத்திப் பார்த்து, தேவையானதை மட்டும் வைத்து மிச்சத்தை வெட்டுங்கோ. கமரா காட் ரீடர் எந்த ஓட்டையில் நிற்கும் என்பதை அப்போதே முடிவு செய்யுங்கோ. இதைப் பொறுமையாகச் செய்தவருக்குப் பிறகு தலையிடி இல்லை.

வைபைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முன்பு எல்லோரும் தேடி வாங்கிய புரோட்கொம் காட்டுகளின் டிரைவரைச் சொனோமாவோடு அப்பிள் நீக்கிவிட்டது, திரும்பக் கொண்டுவரச் சிஸ்டத்தின் பாதுகாப்பையே தளர்த்திப் பட்ச் போட வேண்டும். பைபர் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடுங்கோ. எயர்ட்ரொப் இருக்காது, போனில் எடுத்த கிளிப்பைக் கேபிளில் இறக்கலாம்.

புறக்கோட்டை ரிப்பேர்

அண்ணன் மென்பொருளைச் சொல்லிட்டார், நான் இரும்பைச் சொல்றேன்.

6600 பழசா எடுக்கிறதென்டா விக்கிறவர்ட வீட்டிலயோ கடையிலயோ பூட்டிக் காட்டச் சொல்லுங்க. சும்மா டெஸ்க்டொப் படம் வந்தாப் போதாது, 20 நிமிசமாவது லோட் குடுத்து ஓட்டணும். விசிறி ரெண்டும் சுத்துதா, சத்தம் எப்படி, சூடு எவ்வளவு என்டு பாருங்க. மைனிங்ல ஓடின காட் என்டா பின்பக்கம் தேர்மல் பேட் எண்ணெய் கசிஞ்சிருக்கும், பலகை நிறம் மங்கியிருக்கும். விலை குறைவென்டு ஆர்எக்ஸ் 580 பக்கம் போனா '2048எஸ்பி' என்டு போட்டிருக்கான்னு பாருங்க. அசல் 580ல 2304 கோர், இது உள்ளுக்கு 570. பயோஸ் மாத்தி அடிச்சதும் நிறைய சுத்துது.

எஸ்எஸ்டியில சம்சுங் பிஎம்981 மாதிரி லெப்டொப்ல இருந்து கழட்டினதை மெக்ஓஎஸ்ஸுக்கு எடுக்காதீங்க, அது கெர்னல் பெனிக் குடுத்து மெஷினை விழுத்துற சாமான். சம்சுங் 970ல மெக்ஓஎஸ் மொன்டரேக்குப் பிறகு ட்ரிம் (எஸ்எஸ்டியில அழிச்ச இடத்தைத் துப்புரவாக்கிற வேலை) காரணமா பூட் ஆக நேரம் இழுக்கும். டபிள்யூடி எஸ்என்770 நல்லா ஓடுது.

நீங்க வெள்ளவத்தை. கடலுக்கு எத்தனையாவது ஒழுங்கைன்னு தெரியாது, ஆனா காலி வீதிக்குக் கடல் பக்கம் என்டா உப்புக் காத்து உறுதி. அந்தப் பக்கத்தில இருந்து வர்ற மெஷின்ல ராமும் காட்டும் பூட்டுற தங்கக் கால்ல பச்சை பிடிச்சிருக்கிறதை நிறையப் பார்த்திருக்கேன். ஜன்னலுக்கு நேரே வெக்காதீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா கழட்டி ஐசோபுரோபைல் அல்கஹோலால துடைங்க. மாசக்கணக்கா மூடி வெக்கிறதை விட, தினம் ஓடுற மெஷின் சூட்டில ஈரம் தங்காது.

கரண்ட் பத்தி: 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டின காலம் இப்ப இல்ல, ஆனா ஒரு நொடி போய் வாற வெட்டுதான் எடிட் பண்ற ஆளுக்கு எதிரி. யூபிஎஸ் கட்டாயம். இப்ப வர்ற பவர் சப்ளையில அக்டிவ் பிஎப்சி இருக்கு, மலிவு யூபிஎஸ் பட்டரிக்கு மாறும்போது வர்ற சதுர அலையில சிலது நின்டு போகும். பியுவர் சைன் அலை குடுக்கிற யூபிஎஸ் எடுக்க முடிஞ்சா எடுங்க. பழைய பிளாட் வீட்டில எர்த் வயர் இருக்கான்னு ஒரு எலக்ட்ரீசியனை வெச்சிப் பார்த்துக்குங்க, கேஸைத் தொட்டாக் கூசுதென்டு வர்ற ஆக்கள்ல பாதிப் பேருக்கு அதுதான் காரணம்.

நிரலி

எந்த அமைப்பாக இருந்தாலும் இதைச் சேர்த்துச் செய்யுங்கள்: அதே மெஷினில் இன்னொரு எஸ்எஸ்டியில் விண்டோஸும் டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளும் முதல் நாளே போட்டு வையுங்கள். மெக்ஓஎஸ் ஒருநாள் எழும்பாவிட்டால் கலியாணவீட்டார் காத்திருக்க மாட்டார்கள். லினக்ஸில் இலவச ரிசோல்வ் எச்.264ஐயும் எச்.265ஐயும் திறக்காது, ஆகவே இந்த வேலைக்கு விண்டோஸ்தான்.

வெள்ளவத்தை கமரா

எல்லாருக்கும் பெரிய நன்றி. முடிவெடுத்திட்டன். சிபியு மூடியைப் பார்த்தாச்சு, 'எஃப்' இல்லை. போட்டில ஈதர்நெட் ஐ219. யூனிட்டி பிளாசாவில ரெண்டு மூண்டு கடையில 6600 விசாரிச்சிட்டன், உத்தரவாதத்தோட எடுக்கிறன். யூபிஎஸ்ஸும் அதோட. விண்டோஸுக்குத் தனி எஸ்எஸ்டி. எம்1 மினி 16 ஜிபி நியாய விலைக்கு வந்தால் நிரலி சொன்ன மாதிரி பிறகு அதுக்கு மாறுவன், அப்ப இந்தப் பெட்டி விண்டோஸ் மெஷினா நிக்கும்.

கடைசியா ஒண்டு. பைனல் கட் என்ர அப்பிள் ஐடியிலதான் வாங்கி இருக்கு. அதை இதில போட்டால் ஐடிக்கு ஏதும் வருமோ?

கரையோரன்

நல்ல கேள்வி. முதல் நாளே உங்கள் ஐடியைப் போடவேண்டாம். சீரியல் உண்டாக்கும் ஜென்எஸ்எம்பயோஸ் கருவியில் ஐமெக் 20,1க்கான சீரியல் எடுத்து, அப்பிளின் உத்தரவாதம் பார்க்கும் பக்கத்தில் போட்டுப் பாருங்கோ. அப்படி ஒரு சீரியல் இல்லை என்று வரவேண்டும். வேறு யாருடையதோ உண்மையான மெக் என்று காட்டினால் அதை விட்டுவிட்டு வேறொன்று எடுங்கோ, பிறர் கணினியின் இலக்கத்தைப் பாவிப்பது எந்த வகையிலும் சரியில்லை. ஈதர்நெட் முதலாவது, உள்ளமைந்த இணைப்பு என்று மெக்ஓஎஸ் காட்டுகிறதா என்றும் பாருங்கோ. இல்லாவிட்டால் ஆப் ஸ்டோரே உள்ளே விடாது. ஒரு வெற்று ஐடியால் உள்நுழைந்து ஒரு கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் அமைதி என்றால் உங்களுடையதைப் போடலாம். சீரியலை அதற்குப் பிறகு மாற்றவே கூடாது, எழுதி வையுங்கோ.

ஓபன்கோர் ஓடத் தொடங்கியதும் அந்த இஎப்ஐ கோப்புறையை எப்ஏடி32 முறையில் போர்மட் செய்த பென்டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து மேசை லாச்சியில் வைத்துவிடுங்கோ. பூட் ஆகும்போது வரிகள் ஓடி ஓரிடத்தில் நின்றால் அந்தத் திரையைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கோ. கடைசி ஐந்து வரியும் தெளிவாகத் தெரியவேண்டும். நான் பார்க்கிறேன்.